தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் பழைய கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும்: அவை இருந்த இடங்களும் கட்டடங்களும்

கோட்டைவாசி:

தருமபுரியின் பழமையைப் பற்றிப் பேச்செடுத்தால் நாம் எல்லோரும் நேராகக் கோட்டைக் கோயிலின் தொங்கும் தூணுக்கும், அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் ஓவியங்களுக்கும், அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களுக்கும் போய்விடுகிறோம். அவற்றின் அருமை எனக்கும் தெரியும். ஆயினும் சந்தைக்கு வந்தவர்களும் வண்டி ஓட்டியவர்களும் கூலி வாங்கியவர்களும் பொழுது சாய்ந்ததும் கூடிய கள்ளுக்கடைகள், சாராயக்கடைகள், அவற்றை ஒட்டியிருந்த தீனிக்கடைகள், சத்திரங்கள் ஆகியவற்றைப் பற்றி ஓரிடத்தில் சேர்த்து எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருக்கிறேன். அவற்றை நேரில் கண்டு விவரம் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

இந்தப் பொருளில் நம் பகுதிக்கென்று ஒரு தனி வரலாறு உண்டு. இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது அதற்கு முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டம் சேலம். நாள் 1937 அக்டோபர் 1. அன்றைய சேலம் மாவட்டத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, அரூர் வட்டங்கள் எல்லாம் அடங்கியிருந்தன. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். ஆக, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி தாம் பிறந்த மாவட்டத்திலேயே முதல் பூட்டைப் போட்டார். அடுத்த ஆண்டு சித்தூரும் கடப்பையும், அதற்கும் அடுத்த ஆண்டு வட ஆர்க்காடும் சேர்க்கப்பட்டன. மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது 1948இல்தான்.

எனவே வேறு மாவட்டங்களில் நாற்பதுகளின் இறுதிவரை நடந்த கடைகள் இங்கே பத்தாண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டன. போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டபோது மீண்டும் திறந்தார்கள், பிறகு மூடினார்கள், 1971இல் திறந்து 1974க்குள் மூடினார்கள், 1981இல் மறுபடியும் திறந்தார்கள், 1987 சனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் அடியோடு நிறுத்தப்பட்டன. இப்படித் திறப்பதும் மூடுவதுமாக இருந்ததால், தாத்தா நடத்திய இடத்திலேயே பேரனும் நடத்திய கடை என்று நம் ஊரில் காட்டுவது கடினம். கடை ஒவ்வொரு முறையும் வேறொரு சுவருக்குள் குடிபோயிற்று. பழைய சுவருக்குள் வேறொரு தொழில் வந்து உட்கார்ந்துவிட்டது. நமக்குத் தடயம் கிடைக்காமல் போனதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

எனக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தைச் சொல்லித் தொடங்கி வைக்கிறேன். சந்தைப்பேட்டைப் பக்கம் இப்போது பழைய இரும்புக் கடையாக இருக்கும் ஓட்டுக் கட்டடம் அது. வாசலுக்கு இடப்புறம், நெஞ்சளவு உயரத்தில், கம்பியில்லாத ஒரு சன்னல் இருக்கிறது. அதன் அடியில் பதித்திருப்பது ஒற்றைக் கருங்கல் பலகை. இரு ஓரங்களிலும் உளி கொத்திய தழும்பு அப்படியே இருக்க, நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வழவழப்பாகத் தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது. காசு தள்ளித் தள்ளி, கிளாஸ் இழுத்து இழுத்துத் தேய்ந்த பள்ளம். கடைக்காரரிடம் கேட்டால் அது தராசு வைத்த இடம் என்கிறார். அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் அது சாராயக்கடை என்று உறுதியாகச் சொல்கிறார்கள்.

இதுபோல் உங்களுக்குத் தெரிந்த இடங்களை, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்ற விவரத்தோடு எழுதுங்கள். இன்றைய டாஸ்மாக் கடைகளைப் பற்றிய வாதத்தை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஈச்சங்காடு:

ஐயா, நல்ல காரியத்தைத் தொடங்கியிருக்கிறீர்கள். எங்களுடையது பாலக்கோட்டுப் பக்கம் மரம் சீவிய குடும்பம் என்பதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். கள்ளுக்கடையையும் சாராயக்கடையையும் ஒரே கணக்கில் தேடினால் கள்ளுக்கடை கிடைக்கவே கிடைக்காது.

கள் என்பது மரத்திலிருந்து இறங்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும் சரக்கு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாமல் கட்டினால் கள். காலையில் இறக்கியது மாலைக்குள் நன்றாக ஏறிவிடும். மறுநாள் வாயில் வைக்க முடியாத காடியாகிவிடும். இருப்பு வைக்க முடியாத பொருளுக்குப் பூட்டும் சாவியும் உள்ள அறை எதற்கு? தோப்பிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவரும் தொலைவில், நாலு கால் நட்டு, ஓலை வேய்ந்து, மணலில் பானைகளைப் பாதி புதைத்து வைத்தால் அதுவே கடை. பக்கத்தில் கிணறோ ஓடையோ கட்டாயம் இருக்கும். மொந்தையும் பானையும் கழுவாமல் விட்டால் அடுத்த நாள் கள் கெட்டுவிடும். ஆகவே கள்ளுக்கடையைத் தேடுகிறவர்கள் சுவரை விட்டுவிட்டுக் கிணற்றையும் மரத்தையும் தேட வேண்டும்.

மரமே ஓர் ஆவணம் என்பதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். நம் வறண்ட நிலத்தில் ஓடைக்கரை நெடுகப் பனையோடு ஈச்சமரமும் நிற்கிறது. பனையிலும் தென்னையிலும் பாளையைச் சீவிக் கள் இறக்குவார்கள். ஈச்சையில் அப்படியில்லை, குருத்துக்குச் சற்றுக் கீழே தண்டின் ஒரு பக்கத்து மட்டைகளைக் கழித்து, அந்த இடத்தைச் செதுக்கி, வடியும் சாற்றைக் கலயத்தில் பிடிப்பார்கள். ஓராண்டு ஒரு பக்கம் செதுக்கினால் மறு ஆண்டு எதிர்ப்பக்கம் செதுக்க வேண்டும். இல்லாவிட்டால் மரம் தாங்காது. மரம் மேலே வளர வளர இந்தச் செதுக்கல்கள் கீழே தங்கிவிடுவதால், தண்டு இடமும் வலமுமாக நெளிந்து நிற்கும். அந்த வெட்டுத் தழும்புகளைக் கீழிருந்து மேலாக எண்ணிக்கொண்டே போனால் அந்த மரத்தில் எத்தனை ஆண்டுகள் கள் இறக்கினார்கள் என்று சொல்லிவிடலாம். தழும்புகள் நின்று, அதற்கு மேல் தண்டு நேராகப் போயிருந்தால், கள் இறக்கும் மரத்துக்குக் கட்டிய மரவரி நின்ற காலம் அது.

பழையபேட்டைக்காரர்:

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். ஈச்சங்காடு அண்ணன் சொன்னதன் மறுபக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது. சாராயம் வடிசாலையில் காய்ச்சப்பட்டு, பீப்பாயில் வந்து, முத்திரை பார்த்து இறக்கி, அளந்து விற்க வேண்டிய சரக்கு. ஒரு பீப்பாய் காணாமல் போனால் குத்தகைதாரர் தலையில் விழும். ஆகவே அதற்குத் தடித்த சுவரும் ஒற்றை வாசலும் உள்ள கட்டடம்தான் வேண்டும்.

சையத் பாஷா மலையின் அடிவாரத்தில் பழையபேட்டையும் தௌலதாபாத்தும் சேர்ந்ததுதான் பழைய கிருஷ்ணகிரி. 1981இல் கடைகள் திறந்தபோது எங்கள் பேட்டையில் சாராயக்கடை வந்த இடம் ஒரு புளி மண்டி. புளியை அடுக்கி வைக்கும் கட்டடத்துக்கு முழங்கை அகலச் சுவர், மிக உயரத்தில் சிறு காற்றுத் துவாரங்கள், வண்டி பின்னோக்கி வந்து நிற்க வசதியாகத் திண்ணையளவு உயரமான வாசல் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. சாராயத்துக்கும் அவைதான் தேவை. குத்தகைதாரர் செய்த மாற்றம் ஒன்றுதான்: தெருவைப் பார்த்த சுவரில் ஒரு சன்னலை உடைத்துத் திறந்தார். கடை மூடியபின் அந்தச் சன்னலை அடைத்துவிட்டார்கள். ஆனால் பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, அடைப்பு சிமெண்டில் கட்டியது என்பதால் மழைக்காலத்தில் பழைய சுவர் ஈரம் ஏறிக் கறுத்து நிற்க, சன்னல் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரியும்.

வெளியே எதிர்வரிசையில் வேகவைத்த மொச்சை, காரப்பொரி, சுட்ட கருவாடு, குடல் வறுவல் விற்ற பெண்மணிகள் இருந்தார்கள். கடைக்காரர் பெயரை மறந்துவிட்டவர்கள்கூட அவர்களின் கைமணத்தை இன்னும் சொல்கிறார்கள். கடை போனதும் அவர்களில் ஒருவர் அதே இடத்தில் இட்லிக் கடை போட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

பாப்பாரப்பட்டி மகள்:

எல்லோருக்கும் வணக்கம். கோட்டைவாசி ஐயா தேய்ந்த கல்லைப் பற்றி எழுதியதைப் படித்தேன். அப்படிப்பட்ட ஒரு சன்னலை வெளியே நின்று பார்த்தவள் நான். எண்பதுகளில், வாரக்கூலி கொடுக்கும் நாளில், அரிசிக்குப் பணம் வாங்கிவரும்படி அம்மா என்னை அப்பாவிடம் அனுப்புவார். அவர் வீட்டுக்கு வரும்வரை காத்திராமல் சாராயக்கடைக்கே அனுப்புவார். ஏனென்றால் வீட்டுக்கு வருவதற்குள் காசு இருக்காது. என் உயரத்துக்கு அந்தச் சன்னல் எட்டாது. என்னைப் போலவே தூக்குச்சட்டியோடும் துணிப்பையோடும் நின்ற பிள்ளைகள் பலர் இருந்தார்கள். நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள மாட்டோம். எதற்காக நிற்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நீங்கள் எழுதுவதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மொந்தை, கலயம், மொச்சை என்று எழுத எழுத அந்த இடங்கள் இனிமையானவையாக மாறிவிடுகின்றன. எங்கள் ஊரில் பாரத ஆசிரமம் அமைத்து, தொழுநோயோடு ஊர் ஊராக நடந்து விடுதலைக்காகப் பேசி, 1925 சூலை 23இல் அங்கேயே உயிர்விட்டார் சுப்பிரமணிய சிவா. அவருடைய நினைவிடத்தைக் காப்பாற்ற வேண்டியது ஊரின் கடமை. சாராயக்கடைச் சுவரையும் அதே அக்கறையோடு காப்பாற்ற வேண்டும் என்றால் அதை என்னால் ஏற்க முடியாது. அந்தச் சுவர் இடியட்டும் என்று நினைக்கும் பெண்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் உண்டு. எங்கள் பாட்டி 1937ஐப் பற்றிச் சொல்லும்போது, கடை மூடிய அந்த ஆண்டுதான் வீட்டில் புதுப் பானை வாங்கினோம் என்று மகிழ்ச்சியோடு சொல்வார்.

கோட்டைவாசி:

அம்மா, நீங்கள் எழுதியதை இந்த இழையின் முதற்பதிவாகவே வைத்திருக்கலாம். கடைக்குள்ளே நின்றவர்களின் நினைவு மட்டும் எழுதப்பட்டு, வெளியே காத்திருந்தவர்களின் நினைவு விடுபட்டால் அது அரைகுறை வரலாறாகத்தான் இருக்கும். ஆனால் ஓர் இடத்தைப் பதிவு செய்வதும், அதைப் போற்றிக் காப்பதும் வேறு வேறு காரியங்கள். இடிக்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. இடிப்பதற்கு முன் அளவெடுத்து, படம் எடுத்து, அங்கே நடந்ததைக் கேட்டு எழுதிவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சுவர் இல்லாமல் போனால் நீங்கள் நின்ற இடமும் சேர்ந்தே இல்லாமல் போகும்; அந்தப் பிள்ளைகள் அங்கே நின்றார்கள் என்பதற்குப் பிறகு என்ன சாட்சி?

எழுதப்பட்டவை மட்டுமே நிலைக்கின்றன என்பதற்கு நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1792இல் நம் பகுதியை உள்ளடக்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தபின் இங்கே பணியாற்றிய தாமஸ் மன்றோ, தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பிரிய மனமில்லாததைத் தம் கடிதங்களில் எழுதினார். அதனால் இரண்டு நூற்றாண்டுகள் கழித்தும் அந்தத் தோட்டத்தைப் பற்றி நமக்குத் தெரிகிறது. அதே தோட்டத்தில் மண் கொத்தியவர்கள் மாலையில் எங்கே கூடினார்கள் என்பது தெரியவில்லையே!

1937இன் விளைவு நம் மாவட்ட எல்லையோடு நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைகளை மூடியதால் அரசுக்குக் கலால் வருவாய் போயிற்று. அந்த இழப்பை ஈடுகட்ட 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. பிற மாகாணங்களும் பிறகு அந்த வழியில் வந்தன. நாம் இன்று மளிகைக் கடையில் வாங்கும் பில்லின் அடியிலிருக்கும் வரிக்கும், ஓசூரிலும் அரூரிலும் பூட்டப்பட்ட கள்ளுக்கடைகளுக்கும் இப்படி ஒரு நேரடி உறவு இருக்கிறது.

ஓட்டுக்கூரை:

நான் கட்டட வேலை செய்பவன். பழைய வீடுகளைப் பிரிக்கும் ஒப்பந்தமும் எடுப்பதுண்டு. ஒரு கட்டடம் 1937க்கு முந்தியதா, எழுபதுகளில் தட்டியதா என்று கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. கூரையில் கைவிரல் பதிந்த நாட்டு ஓடு இருந்தால் அதை வைத்துக் காலம் சொல்ல முடியாது. அது எந்தக் காலத்திலும் சூளையில் சுட்டது. மங்களூர் ஓடு இருந்தால் ஒன்றிரண்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் கம்பெனியின் பெயரும் ஊரும் புடைப்பாக இருக்கும். பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின் பல கம்பெனிகள் வந்தன. பெயரை வைத்து ஓரளவுக்குக் காலத்தைக் குறுக்கலாம். ஆனால் பழைய ஓட்டை வாங்கிப் புதுச் சுவரின்மேல் போடும் வழக்கமும் இருப்பதால், ஓட்டை மட்டும் நம்பாமல் சாந்தையும் பார்க்க வேண்டும். சாவியால் சுரண்டினால் வெள்ளையாகப் பொடிந்து விழுவது சுண்ணாம்பு. சுரண்ட வராமல் சாம்பல் நிறத்தில் இருப்பது சிமெண்ட்.

கோட்டைவாசி ஐயா சொன்ன சந்தைப்பேட்டைக் கட்டடத்தை நானும் பார்த்திருக்கிறேன். முன்பக்கத்துச் சன்னலைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். சந்து வழியாகப் பின்னால் போனால், பின்சுவரில் முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு முழ அகலமும் அரை முழ உயரமும் உள்ள இன்னொரு திறப்பு செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் அடியில் கல் இருக்கிறது. ஆனால் அந்தக் கல் தேயவில்லை. சாக்கடைக்கு விட்ட வழி என்றால் தரையோடு இருக்க வேண்டும். காற்றுக்கு விட்டது என்றால் மேலே இருக்க வேண்டும். அது எதற்கானது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இண்டூர் இளையவன்:

அந்தத் திறப்பு எங்களுக்கானது.

என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். சேரியிலிருந்து வருகிறவர்கள் முன்சன்னலுக்குப் போகக் கூடாது. பின்பக்கம் போய்க் குனிந்துதான் வாங்க வேண்டும். கிளாஸ் கொடுக்க மாட்டார்கள். அவரவர் கொண்டுபோன கொட்டாங்குச்சியில் எட்டி நின்று ஊற்றுவார்கள். காசைக் கையில் வாங்காமல் தரையில் வைக்கச் சொல்லி, தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வார்கள். ஓட்டுக்கூரை அண்ணன் அந்தக் கல் தேயவில்லை என்று எழுதியிருக்கிறார். கல்லின்மேல் எதையும் வைத்து இழுக்க விடவில்லை என்றால் அது எப்படித் தேயும்?

ஈச்சங்காடு அண்ணன் சொன்ன ஓலைப் பந்தலிலும் இதுதான் நிலை. பந்தலுக்குள் உட்கார ஓர் இடம், வெயிலில் நிற்க ஓர் இடம். உழைத்து ஓய்ந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கூடிய இடம் என்று யாராவது கள்ளுக்கடையைப் பற்றி எழுதினால் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே நீங்கள் பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால், முன்சன்னலுக்கு எத்தனை வரி எழுதுகிறீர்களோ அத்தனை வரி பின்திறப்புக்கும் எழுதுங்கள்; இரண்டையும் ஒரே அளவில் படம் எடுங்கள்.

ஓட்டுக்கூரை:

தம்பி, அப்படியே செய்வோம். பின்பக்கத்துப் படத்தை நானே எடுக்கிறேன். அந்த அடைப்புக்கல்லை யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி கடைக்காரரிடமும் சொல்லி வைக்கிறேன்.

மொரப்பூர் ரயிலடி:

கடைகள் இருந்த இடங்களை அறிய இன்னொரு வழி இருப்புப்பாதை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் போடப்பட்ட சிற்றகலப் பாதையின் அகலம் 2 அடி 6 அங்குலம்தான். அது 1913இல் ஓசூர் வரை நீண்டது. கிருஷ்ணகிரிக்குத் திருப்பத்தூரிலிருந்து தனியாக ஒரு சிற்றகலப் பாதை 1905 முதல் இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல், மொரப்பூர்ப் பாதையைப் பெயர்த்துவிட்டார்கள். மொரப்பூர் பெரிய பாதையில் இருப்பதால் சரக்கு இங்கே இறங்கி, சின்ன வண்டிக்கு மாறித் தருமபுரிக்குப் போகும். மாற்றி ஏற்றும் கூலிகளும், அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் வியாபாரிகளும் இருந்த இடத்தில் கடை இல்லாமல் இருக்குமா? நிலையத்தைத் தாண்டிய பாதையோரத்தில் சாராயக்கடையும் அதை அடுத்து ஒரு சாப்பாட்டுச் சத்திரமும் இருந்ததாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 1937இல் கடையை மூடியதும் அதே இடத்தில் டீக்கடை வந்தது. நான்கு ஆண்டுகளில் சின்ன வண்டியும் நின்றுபோனதால் டீக்கடையும் நிலைக்கவில்லை. சத்திரத்தை வீடாக்கி வாழ்ந்தவர்கள் இப்போது அங்கே மாடி கட்டிவிட்டார்கள். கிணறு மட்டும் மூடியோடு இருக்கிறது.

வழிநடையும் தங்குமிடமும் நம் பகுதிக்குப் பழையவை. அதியமான் பெருவழி என்று பொறித்து, நாவல் தாவளத்துக்கு இத்தனை காதம் என்று எழுத்திலும், எழுத்தறியாதவருக்குக் குழிகளாலும் காட்டிய மைல்கற்கள் இங்கே கிடைத்திருக்கின்றன. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஒளவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில், கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எமக்கே கொடுத்துவிடுவான், மிகுதியாகக் கிடைத்தால் எம்மோடு சேர்ந்து உண்பான் என்றுதான் முதலில் அவனுடைய கொடையை நினைக்கிறார். ஒரு பெண் புலவருக்கும் அரசனுக்கும் இடையே இருந்த அந்தச் சமநிலையையும், இண்டூர்த் தம்பி சொன்ன பின்திறப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க எனக்குத் துயரமாக இருக்கிறது.

பழையபேட்டைக்காரர்:

கடை மூடியிருந்த காலங்களின் இடங்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். அவற்றுக்குக் கட்டடம் கிடையாது. ஏரி உள்வாயிலும் கரட்டு மடிப்பிலும் பானையைப் புதைத்து, வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுக் கள்ளச்சாராயத்துக்கு ஊறல் போட்ட இடங்கள் அவை. எங்கள் மாவட்டம் கருநாடக எல்லையில் இருப்பதால் இந்தக் கதை அண்மைக்காலம் வரை நீள்கிறது. கருநாடகத்தில் 2007 சூலையில் சாராயம் தடைசெய்யப்பட்டது; 2008 மே மாதம் நச்சுச் சாராயம் குடித்து பெங்களூரைச் சுற்றியும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கல்லோ சன்னலோ இல்லாத அந்த இடங்களை எப்படிப் பதிவது என்று தெரியவில்லை. ஆயினும் இறந்தவர்கள் வாழ்ந்த ஊர்களின் பெயரையாவது எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாப்பாரப்பட்டி மகள்:

இண்டூர்த் தம்பி எழுதியதைப் படித்தபின் என் எண்ணத்தில் ஒரு பகுதி மாறியிருக்கிறது. அந்தப் பின்திறப்பு இடிந்து மறைந்துபோனால் யாருக்கு வசதி என்பது எனக்குப் புரிகிறது. சுவரைக் காக்க வேண்டும் என்று இப்போதும் நான் சொல்லவில்லை, பதிவதற்கு உதவுகிறேன். கடை வாசலில் தீனி விற்ற பெண்களும், காத்திருந்த பிள்ளைகளும், 1937ஐப் பற்றித் தாய்வழியாகக் கேட்டவர்களும் ஆண்களிடம் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். அவர்களிடம் நான் போய்க் கேட்கிறேன். பெயரை வெளியிட மாட்டோம் என்ற உறுதியை இங்கே எல்லோரும் கொடுத்தால் மட்டுமே கேட்பேன்.

கோட்டைவாசி:

உறுதி கொடுக்கிறேன் அம்மா. மற்றவர்களும் இதற்குக் கட்டுப்பட்டவர்களே.

சந்தைப்பேட்டைக் கட்டடத்தின் உரிமையாளர் சாலை விரிவாக்கத்துக்கு முன்பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்கிறார். ஆகவே அதை முதலில் முடிப்போம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறப்பதற்கு முன் வரச் சொல்லியிருக்கிறார். ஓட்டுக்கூரை அண்ணன் அளவெடுக்கட்டும். தரையிலிருந்து இரண்டு திறப்புகளின் உயரத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும். ஓட்டைக் கழற்ற உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மழைக்கு முன் திரும்பப் பொருத்திக் கொடுப்பது நம் பொறுப்பு. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1937ஐ ஒட்டிய சேலம் மாவட்டக் கலால் கோப்புகளைத் தேட யாராவது முன்வந்தால், கடைகளின் பெயர்ப்பட்டியலை அங்கிருந்து பெற்று நம் நினைவுகளோடு ஒப்பிடலாம்.

இண்டூர் இளையவன்:

சென்னையில்தான் படிக்கிறேன் ஐயா. ஆவணக் காப்பகத்துக்கு நான் போகிறேன். கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். இந்த மாதத்துக்குள் வாங்கிவிடுவேன். ஊர்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் பழைய எழுத்துக்கூட்டலில் இருக்கும் என்பதால், நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் பக்கத்துச் சிற்றூர்களின் பழைய பெயர்களை எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும். தாத்தாவையும் ஞாயிற்றுக்கிழமை சந்தைப்பேட்டைக்கு அழைத்து வரச் சொல்லி வீட்டில் பேசியிருக்கிறேன். பின்பக்கத்துச் சந்தில் வண்டி நுழையாது, அவரால் நெடுந்தூரம் நடக்க முடியாது. நாற்காலி ஒன்று போட்டுவைக்க முடியுமா?

ஓட்டுக்கூரை:

நாற்காலி கொண்டுவருகிறேன் தம்பி. ஐயாவை முன்வாசல் வழியாகவே அழைத்து வரச் சொல்லுங்கள். கடைக்குள்ளிருந்து பின்கட்டுக்கு ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறந்து வைக்கும்படி உரிமையாளரிடம் பேசிவிட்டேன்.

ஈச்சங்காடு:

எங்கள் ஓடைக்கரையில் தழும்புள்ள ஈச்சமரங்களில் இரண்டு நிற்கும் நிலத்தைச் சமப்படுத்தப் போகிறார்கள். ஞாயிறு சந்தைப்பேட்டை முடிந்ததும் பழையபேட்டைக்காரரும் மொரப்பூர் அண்ணனும் என்னோடு பாலக்கோட்டுக்கு வந்தால், பொழுது இருக்கும்போதே தழும்புகளை எண்ணிப் படம் எடுத்துவிடலாம். ஏணியும் கயிறும் என்னிடம் இருக்கின்றன. உச்சிவரை தெளிவாக விழும் கேமரா வைத்திருப்பவர்கள் மட்டும் கொண்டுவாருங்கள்.